கட்டியதைத் தாமே பிரித்த கட்டுக்காரம்மாவுக்கு

கேள்விகளின் கூட்டத்தில் மனிதரைக் கண்டவரே! கணக்கெடுப்புப் பிரிவின் கண்ணும் கருத்துமாய் விளங்கியவரே! எங்கள் கட்டுக்காரம்மாவே! பணி நிறைவு பெறும் இந்நாளில் உங்களை வணங்கி வாழ்த்துகிறோம்.

இந்தப் பட்டப்பெயரைச் சூட்டியது யாரென்று நீங்கள் கேட்டதில்லை, நாங்களும் காட்டிக்கொடுத்ததில்லை. வினாத்தாள் எதுவானாலும் அதன் கேள்விகளை மூன்று மூன்றாகச் சேர்த்து, சராசரி எடுத்து, ஒரே கட்டாக்கித் தருவீர்கள். ஒற்றைக் கேள்வியின் பதில் அன்றைய தலைவலிக்கும் ஆடும். கூட்டாக நின்றால் நிதானப்படும். உங்கள் கட்டுகளை ஏற்றிய எந்தக் கணித மாதிரியும் பொருந்தாமல் முரண்டு பிடித்ததில்லை. இதைச் சரியாகச் சொல்கிறோமா என்று எங்களுக்கே சந்தேகம்தான்; தவறிருந்தால் வழக்கம்போல் ஓரத்தில் பென்சிலால் குறித்துவிடுங்கள்.

ஆனால் இன்று நாங்கள் வியந்து நிற்பது நீங்கள் கட்டியதற்காக அல்ல, பிரித்ததற்காக.

பேருந்து ஓட்டுநர்களின் சோர்வு பற்றிய ஆய்வு அது. இரவு கடைசி வண்டியை ஓட்டியவரே விடியலில் முதல் வண்டியையும் எடுக்கும் முறை தொடரலாமா என்பதை, நம் அறிக்கையை வைத்துத்தான் நிர்வாகம் முடிவு செய்ய இருந்தது. பன்னிரண்டு கேள்விகளை நான்கு கட்டுகளாக்கினீர்கள். கணித மாதிரி பதில்களோடு அச்சில் வார்த்ததுபோல் பொருந்தியது. சோர்வு நடுத்தரம், கவலைக்கு இடமில்லை என்றது விடை. எல்லோரும் கைதட்டினோம். பதில்களைக் கணினியில் ஏற்றிய பதிவுப் பிரிவு அக்கா மட்டும் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அந்த இரண்டு வண்டிகளையும் ஓட்டுபவர் அவருடைய கணவர் என்பது எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

"என்ன மேடம், இவ்வளவு அழகா வந்திருக்கு, முகத்த இப்படி வெச்சிருக்கீங்க?" என்று உங்களைக் கேட்டார் இயக்குநர்.

"வீட்ல சின்னப் புள்ள சத்தமே போடாம இருந்தா நிம்மதியாவா உக்காந்திருப்பீங்க சார்? எந்தச் சுவத்துல கிறுக்குதோன்னு ஓடிப் போய்ப் பாக்க மாட்டீங்க?"

"நாளைக்கு அறிக்கை போகணும். இப்பப் போய்ப் பிரிச்சா எல்லாம் உடைஞ்சிடும்."

"உடையட்டும். கட்டினவளே பிரிக்கிறேன், யாரு சண்டைக்கு வரப்போறா?"

பிரித்தீர்கள். 'ஓட்டும்போது கண் சொக்கியதா' என்ற கேள்வி, இருக்கை வசதிக்கும் பயணிகளின் கூச்சலுக்கும் நடுவே கிடந்தது. தூக்கத்தைப் பற்றிய மற்ற மூன்று கேள்விகளும் ஆளுக்கொரு கட்டில் இருந்தன. எல்லாக் கட்டும் சமமாக இருக்கட்டும் என்று நீங்களே பங்கிட்டு வைத்தவை. நான்கு கட்டும் ஒன்றுபோல் இருந்ததால்தான் மாதிரி அத்தனை சமர்த்தாகப் பொருந்தியது. தூக்கமோ நான்கு பக்கமும் கரைந்து காணாமல் போயிருந்தது. அந்த நான்கு தூக்கக் கேள்விகளையும் ஒரே கட்டாக்கியதும், கடைசி வண்டியும் முதல் வண்டியும் ஓட்டுபவர்களின் தூக்கக் கலக்கம் தனியே எழுந்து நின்றது. அறிக்கையின் முதல் பக்கத்தில் எழுதினீர்கள்: முதலில் கட்டிய முறை தவறு, கட்டியவள் நான்.

அப்போதுதான் அக்கா வாய் திறந்தார். "என் வீட்டுக்காரரும் அந்த வண்டிதான் மேடம்."

"அடிப்பாவி! முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா?"

"புருஷனுக்காகப் பேசறான்னு ஆயிடுமேன்னுதான்..."

நீங்கள் நாற்காலியை இழுத்துப் போட்டு அவரை உட்காரவைத்தீர்கள். அடுத்த மாதமே அந்தப் பணிமுறை கைவிடப்பட்டது.

அம்மா, உங்கள் மற்ற குணங்களையும் வரிசைப்படுத்த முயன்றோம். பொறுமை, கண்டிப்பு, அடுத்தவர் மேசை பிஸ்கட்டைக் கேட்காமல் எடுக்கும் உரிமை. மூன்றையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் நீங்களே காணாமல் போய்விடுவீர்கள் என்று பயந்து நிறுத்திக்கொண்டோம்.

நோய் நொடி அண்டாமல், பேரப்பிள்ளைகள் கிறுக்கிய சுவர்களுக்கு நடுவே, நெடுங்காலம் நிறைவாக வாழுங்கள்!

விழா முடிந்ததும் வாசலில் நிற்கும் பேருந்தில் ஏறிக்கொள்ளுங்கள். உங்களை வீடு சேர்க்க நானே வருவேன் என்று அக்காவின் கணவர் ஒற்றைக்காலில் நின்றார். அவர் நேற்று நன்றாகத் தூங்கினார் என்பதை உங்களிடம் தெரிவிக்கச் சொன்னார் அக்கா.

இப்படிக்கு,
நீங்கள் சேர்த்துக் கட்டிய
கணக்கெடுப்புப் பிரிவினர்