பத்தொன்பதரை பாகை

பெயர் றோசா ஜெராட். வயது நாற்பத்தேழு. கணவர் பெயர் ஜெராட், வயது ஐம்பத்திரண்டு. முகவரி மொன்றியல், செயின்ட்-மிஷேல், இரண்டாவது அவென்யூவில் ஒரு கீழ்வீடு. தொழில் கார்டெறியில், அதாவது பிள்ளைகள் காப்பகத்தில், சமைப்பது. 2025 ஜனவரி 24ஆம் திகதி வெள்ளிக்கிழமை காலை, பொலிஸ் நிலையத்தில், தமிழ் மொழிபெயர்ப்பாளர் முன்னிலையில் நான் சொல்வதாவது:

இம்மாதம் 11ஆம் திகதி என் கணவரைக் காணவில்லை என்று இதே நிலையத்தில் முறைப்பாடு கொடுத்தவள் நான். அதன் பிறகு அதிகாரி இரண்டு தடவை தொலைபேசியில் கேட்டபோது, அவரிடமிருந்து ஒரு தொடர்பும் இல்லை என்று சொன்னேன். அது பொய். அதைத் திருத்த வந்திருக்கிறேன்.

என் கணவர் வேலை செய்த பிளாஸ்டிக் பை தொழிற்சாலை நவம்பரில் மூடப்பட்டது. அவர் அதை எனக்குச் சொல்லாமல், ஆறு கிழமையாக நான் கட்டிக் கொடுத்த சோற்றுடன் காலையில் போய், மெட்ரோவில் அங்குமிங்கும் ஓடிக்கொண்டிருந்துவிட்டு மாலையில் வந்திருக்கிறார். 9ஆம் திகதி காலை எனக்கு அது தெரியவந்தது. அவர் வாயில்லாப் பூச்சி. எனக்கு வாய் நீளம். வேலை போனதற்கு அல்ல, என் சோற்றை மெட்ரோவில் ஒளித்திருந்து தின்றதற்குத்தான் எனக்குக் கோபம் வந்தது. "நீங்கள் இருந்தாலும் இந்த வீட்டுக்கு ஒண்டுதான், இல்லாட்டிலும் ஒண்டுதான்" என்று சொன்னேன். அவர் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு போனார். கையுறைகள் வாசல் மிதியடியில் கிடந்தன. வெளியே மைனஸ் பதினாறு. அதன் பிறகு அவருடைய போன் வேலை செய்யவில்லை. ஆற்றுப் பாலத்தால் குதித்துவிட்டாரோ என்று நினைத்து, இரண்டு நாள் பார்த்துவிட்டு முறைப்பாடு கொடுத்தேன்.

எங்கள் வீட்டுச் சுவரில், வீட்டின் சூட்டைக் கூட்டிக் குறைக்கும் ஸ்மார்ட் தெர்மோஸ்டாட் ஒன்று இருக்கிறது. போன வருடம் அவரே பூட்டினார். அதைத் தூரத்திலிருந்து இயக்கும் செயலி அவர் போனில் மட்டும் இருந்தது. அவருக்குப் பதினெட்டுப் பாகை போதும், சுவெட்டரைப் போடும் என்பார். எனக்கு இருபத்தொன்று வேண்டும். கலியாணம் கட்டிய நாள் முதல் எங்களுக்குள் இந்தச் சண்டைதான்.

13ஆம் திகதி திங்கட்கிழமை, காலையில் பதினேழில் வைத்துவிட்டு வேலைக்குப் போய், மாலை நாலரைக்கு வந்து கதவைத் திறந்தேன். யன்னலுக்கு வெளியே பனி நீலமாகக் கொட்டிக்கொண்டிருந்தது. உள்ளே வீடு சூடாக இருந்தது. நிலத்திலுள்ள துவாரங்களால் காற்று மெல்ல மூச்சு விடுவதைப் போல வந்துகொண்டிருந்தது. சுவரில் இருபத்தொன்று என்று ஒளிர்ந்தது. செவ்வாய்க்கிழமையும் அப்படியே. நான் சப்பாத்துக்கூடக் கழற்றாமல் அதன் முன்னால் நின்றேன். கனவு கண்டு எழும்பாதவள் போல இருந்தேன்.

புதன்கிழமை நான் வேண்டுமென்றே பதினெட்டில் வைத்தேன். கொஞ்ச நேரத்தில் அது தானாக இருபத்தொன்றானது. திரும்பப் பதினெட்டாக்கினேன். திரும்ப இருபத்தொன்றானது. மூன்றாம் தடவை பதினெட்டாக்கிவிட்டுத் தேத்தண்ணி ஊற்றி வந்து பார்த்தால், பத்தொன்பதரையில் நின்றது. இரண்டுக்கும் சரி நடு. எந்த மெஷினும் என்னுடன் இப்படிப் பேரம் பேசாது. என் மனுசன் உயிரோடு இருக்கிறார் என்று அன்றுதான் நான் நம்பினேன்.

இதைப் பொலிசுக்குச் சொல்லாததற்குக் காரணம் பயம். தேடிப் போனால் இன்னும் தூரம் போய்விடுவார் என்று நினைத்தேன். அதன் பிறகு ஒரு கிழமை, ஒவ்வொரு மாலையும் நான் அவருடைய பதினெட்டை வைத்தேன், அவர் என்னுடைய இருபத்தொன்றை வைத்தார். நான் உள்ளங்கையை அந்தப் பெட்டியின்மேல் வைத்துக்கொண்டு நிற்பேன். சில நேரம் கதைப்பேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

22ஆம் திகதி புதன்கிழமை மாலை வந்தபோது வீடு ஒன்பது பாகையில் இருந்தது. திரையில் ஈ-4 என்ற பிழைக் குறி மட்டும் தெரிந்தது. தெர்மோஸ்டாட் கம்பனியின் உதவி இலக்கத்துக்கு எடுத்தேன். பிரெஞ்சு கதைக்கும் ஒரு பெண் பொறுமையாகச் சொல்லித் தந்தாள். அவள் சொன்னபடி மின்சாரத்தை நிறுத்தி, பெட்டியின் முகத்தைக் கழற்றிப் பார்த்தேன். நீல வயர் ஒன்று நழுவி இருந்தது. யாராவது அடிக்கடி தொடுகிறீர்களா என்று கேட்டாள். வயரைச் செருகிய பிறகும் ஈ-4 போகவில்லை. கடைசியாக எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகத் தொடங்கச் சொன்னாள். சம்மதமா என்று திரை கேட்டது. தண்ணீர்க் குழாய் உறைந்து வெடிக்கும் என்ற பயத்தில் ஓம் என்று அழுத்தினேன். சூடு வந்தது. என்னை முதன்முதலாகக் கண்டது போலத் திரை பொன்ஜூர் என்று வணக்கம் சொன்னது. அதன் பிறகு அந்தப் பெண், இப்போது இதனுடன் யாருடைய போனும் இணைந்திருக்கவில்லை, உங்களுடையதைச் சேருங்கள் என்று சொன்னாள்.

அவர் பிடித்திருந்த ஒரே கயிற்றை என் கையாலேயே அறுத்துவிட்டேன் என்று அப்போதுதான் விளங்கியது. நான் பதினெட்டில் வைத்துவிட்டு முன்னால் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தேன். அடுத்த நாள் வேலைக்குப் போகவில்லை. பகல் முழுவதும் பதினெட்டு பதினெட்டாகவே இருந்தது. அழுதேன்.

நேற்று, 23ஆம் திகதி, மாலை ஐந்து மணியளவில் கதவு தட்டப்பட்டது. என் கணவர் கையுறை இல்லாத கைகளால் ஒரு மின்சார ஹீட்டர் பெட்டியைக் கட்டிப்பிடித்தபடி நின்றார். புருவத்தில் பனி இருந்தது.

"வீட்டோட தொடர்பில்லை எண்டு நேற்றிலயிருந்து போன் காட்டுது. நீர் குளிரில விறைச்சுப் போவீரெண்டு நினைச்சன்" என்று சொன்னார்.

வாய் நீண்ட நான், "சப்பாத்தைக் கழட்டுங்கோ, நிலம் நனையுது" என்றுதான் சொன்னேன்.

அவர் இத்தனை நாளும் ஆற்றுக்கு அக்கரையில் உள்ள லொங்குய்யில், முன்பு கூட வேலை செய்த அன்டன் என்பவரின் நிலவறையில் இருந்திருக்கிறார். போனின் சிம்மைக் கழற்றிவிட்டு, அன்டன் வீட்டு வைஃபையில் எங்கள் வீட்டைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார். அன்டன் மீது எனக்கு முறைப்பாடு இல்லை. எனக்கு என் வாய் மீதுதான் முறைப்பாடு.

காணாமற்போனோர் பட்டியலிலிருந்து என் கணவரின் பெயரை நீக்கும்படி கேட்கிறேன். இது தமிழில் எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. நான் சொன்ன பொய்யையும் சேர்த்து, இதில் உள்ளது யாவும் உண்மை. அவர் உயிரோடு இருப்பதற்குச் சாட்சியாக, வெளியே வாங்கில் இருந்த அவரையும் உள்ளே கூப்பிட்டு, என் பெயருக்குக் கீழே ஒப்பமிடச் செய்கிறேன்.

(ஒப்பம்) றோசா ஜெராட்
(ஒப்பம்) ஜெராட்