தட்டுல விழாத மூணு குண்டு

வேணாம் தங்கச்சி, குழல்மேல இருக்குற குறியத் தட்டி நேராக்க வேணாம், அந்தப் பித்தளைச் சுத்தியல உள்ள வை. நல்ல மனசோடதான் கேக்குற, புரியுது. ஆனா என் துப்பாக்கிக்கு ஒண்ணுமில்ல. கொஞ்சம் எடப்பக்கம் இழுக்குது, அவ்ளோதான். எத்தன இஞ்சா? எட்டு, ஒம்போது இருக்கும். அதெல்லாம் ஒரு இழுப்பா? எங்க மாமனாரு துப்பாக்கி பக்கத்துத் தோட்டத்துக்கே இழுக்கும்.

என்னது? இரு, வாயில துணி இருக்கு. குண்டச் சுத்துற துணிதான். எச்சில்ல ஊறினாத்தான் குழலுக்குள்ள வழுக்கிக்கிட்டு எறங்கும். நீ என்ன, எண்ணெயா தடவுற? ம், தடவு, தடவு. எங்க கேம்ப்புக்கு ஒருத்தன் எண்ணெய்ப் புட்டியோட வந்தான். ஒரு வாரம் பூரா அவன பியூட்டி பார்லர்னுதான் கூப்பிட்டோம்.

எந்தக் கேம்ப்பா? அந்தா, அந்த மேட்டுக்குப் பின்னாடி, பைன் மரத்துக்குள்ள தகரக் கூரை தெரியுது பாரு. ஏழு பேரு. கிறிஸ்துமஸுக்கு மறுநாள் நம்ம சிக்கிமுக்கித் துப்பாக்கி மான் வேட்ட சீசன் தொறந்தா, ஒரு வாரம் அங்கதான் குடித்தனம். ஆனா அதுக்கு முன்னாடி பரீட்ச உண்டு. இந்த மேடையில உக்காந்து அம்பது கெஜத்துல ஒரு பேப்பர் தட்டச் சுடணும். மூணு குண்டு. மூணும் தட்டுல விழணும். விழலேன்னா மானும் கெடையாது, காடும் கெடையாது. ரோஸ் கலர் ஏப்ரன் ஒண்ணு இருக்கு, லேஸ் வச்சது. அதக் கட்டிக்கிட்டு வாரம் பூரா மத்தவனுக்கு ஆக்கிப் போடணும். மூணு மணிக்கு எம் முறை. தலைவரு பர்டெட்டு வருவாரு, மூக்குமேல கண்ணாடியத் தொங்கவிட்டுக்கிட்டு ஓட்டைய எண்ணுவாரு.

பயமா, எனக்கா? அம்பத்தோரு வருஷம் தங்கச்சி. ஒரு தடவகூட அந்த ஏப்ரன் என் இடுப்புல ஏறினதில்ல.

அதான், அதனாலதான் தட்டி நேர் பண்ண வேணாங்குறேன். குறியில தப்பில்ல, காத்துதான். எங்க காத்தேயில்லயா? மேல அடிக்கும், இங்க கீழ தெரியாது. சரி, காத்து வேணாம், தட்டுன்னு வச்சுக்க. சர்ச் விருந்துல மிஞ்சின தட்டு, நாலு பக்கமும் வளைஞ்சு கெடக்கு. வளைஞ்ச தட்டுக்கு நேரா சுட்டா எப்படி விழும்? அதுவுமில்லாம மான் என்ன தட்டா, ஆணியில மாட்டுன மாதிரி நிக்கறதுக்கு? அது பாட்டுக்கு எடப்பக்கம் நாலு அடி நடக்கும், குண்டும் எடப்பக்கம் போவும், ரெண்டும் அங்க சந்திச்சுக்கும். வலப்பக்கம் நடந்தாலா? அது அந்த மானோட அதிர்ஷ்டம், நாம என்ன பண்றது.

சிரிக்கிற. நீ காலையில வந்திருக்கணும், அப்பத் தெரிஞ்சிருக்கும் சிரிப்புன்னா என்னன்னு. எங்கண்ணன் வெண்டலோட பரீட்ச. எழுபத்தஞ்சு வயசு. இந்த மாவட்டத்துல பாதிப் பேரு துப்பாக்கிய அவருதான் நேர் பண்ணிக் குடுத்தாரு. கம்பீரமா உக்காந்தாரு, குறி வச்சாரு, இழுத்தாரு. கல்லு தட்டுச்சு, பொறி பறந்துச்சு, குழலுக்கு வெளிய சின்னக் கிண்ணத்துல பத்த வைக்கிற மருந்து புஸ்ஸுன்னுச்சு. அவ்ளோதான். என்னடான்னா, குழலுக்குள்ள மருந்தே போடல! வெறும் குண்டத் தள்ளி வச்சுட்டு மானப் பாக்குற மாதிரி பாத்துக்கிட்டிருக்காரு. சரி, எல்லாருக்கும் ஒரு நாள் நடக்குறதுதான். நான் குண்ட வெளிய எடுத்துக் குடுத்தேன். ரெண்டாவதும் அப்படியே. வெறும் புஸ்ஸு. எங்க சட்டப்படி புஸ்ஸும் ஒரு முறைதான்.

மூணாவதுக்கு நான் பக்கத்துலயே நின்னேன். மருந்து போடு, மருந்து போடுன்னு. போட்டாரு. கம்ப விட்டு குண்ட உள்ள தள்ளினாரு. சுட்டாரு. டமார்னு ஒரு சத்தம், புகை. புகை கலைஞ்சதும் பாத்தா, தள்ளின கம்ப வெளிய எடுக்கவேயில்ல! நாலு அடிக் கம்பு பறந்துபோயி தட்டுக்கு நட்டநடுவுல குத்திக்கிட்டு ஆடுது தங்கச்சி! நட்டநடுவுல!

பர்டெட்டு சட்டம் பேசுறாரு. மூணு குண்டுன்னுதான் எழுதியிருக்கு, கம்பப் பத்தி ஒண்ணுமில்லன்னு. எங்கண்ணன் விடுவாரா? கம்புக்கு முன்னாடி குண்டுதான இருந்துச்சு, அதுதான மொதல்ல போயிருக்கும்னாரு. அப்ப குண்டு போட்ட ஓட்டை எங்கடான்னா, அந்த ஓட்டையிலதான் கம்பு நிக்குதுன்னாரு. கம்பப் புடுங்கிப் பாத்துடலாம்னா, சாட்சியக் கலைக்காதன்னு குறுக்க நிக்குறாரு. பனியில அரை மணி நேரம் ஏழு கெழவனுங்க ஒரு குச்சியச் சுத்தி நின்னு வாய்தா வாங்கிக்கிட்டிருக்கோம். கடைசியில ஏப்ரன் அவருக்குத்தான். லேஸ நீவி விட்டுக்கிட்டு கட்டினாரு. நானும் சிரிச்சேன், கண்ணுல தண்ணி வர்ற அளவுக்கு.

ஏய், தூரக்கண்ணாடிய ஏன் அங்க திருப்புற? என் தட்டுல ஒண்ணுமில்லன்னு சொன்னேன்ல. தட்டுக்கு வெளியவா? பலகையிலயா? மூணு ஓட்டையும் ஒண்ணையொண்ணு தொட்டுக்கிட்டு இருக்குதா? ஒரு காசு வச்சா மறைஞ்சுரும்ங்குற. அது அணிலா இருக்கும். இங்க அணிலுங்க பலகையக் கடிக்கும்.

வட்டமாத்தான் கடிக்கும்.

சரி, எந்தப் பக்கம் தட்டினேன்னா கேக்குற? பின்னாடிக் குறிய எந்தப் பக்கம் நகத்துறமோ அந்தப் பக்கம்தான் குண்டு போவும், ஆமா, பள்ளிக்கூடத்துப் புள்ளைக்கும் தெரியும். எடப்பக்கம் இழுக்குற துப்பாக்கிய யாராவது எடப்பக்கமே தட்டுவாங்களா? வயசாச்சு, மறந்திருப்பேன். மூணு தடவயுமா? அப்ப நீ வந்ததுலேர்ந்து என் கையத்தான் பாத்துக்கிட்டிருந்தியா?

சரி, உக்காரு. மெதுவாப் பேசு.

விழக்கூடாது தங்கச்சி. மூணும் தட்டுக்கு வெளிய போவணும். ஆனா இப்படி ஒரே எடத்துல குத்துனா பர்டெட்டு ஒரு பார்வையில கண்டுபுடிச்சிருவாரு, நீ கண்டுபுடிச்ச மாதிரி. கலைஞ்சு விழணும். அதுதான் எனக்கு வர மாட்டேங்குது. அம்பத்தோரு வருஷமா ஒரே எடத்துல விழ வைக்கத்தான பழகியிருக்கு இந்தக் கை. உனக்குத் தெரியுமா, மோசமா சுடுறது எப்படின்னு? கோவிச்சுக்காத, எண்ணெய் தடவுறியேன்னு கேட்டேன்.

ஏன்னா, வேற வழியில்ல. நானும் உங்கூட கேம்ப்புலயே இருக்கேன்னுதான் காலையில அண்ணங்கிட்ட சொல்லிப் பாத்தேன். எனக்குக் காவலா நீன்னு கோவிச்சுக்கிட்டு, ஏப்ரனோடயே வீட்டுக்குக் கெளம்ப மூட்டையக் கட்டிட்டாரு. வீட்டுக்குப் போனா அங்க யாரு இருக்கா? அண்ணி போயி மூணு வருஷமாச்சு. நானும் தோத்துப் போயி வந்தா கூட இருக்க ஒத்துக்குவாரு. சந்தோஷமாவே ஒத்துக்குவாரு, என்னக் கேலி பண்ண ஒரு வாரம் கெடச்சுதேன்னு.

மத்தவங்களுக்குத் தெரியாது. அவனுங்களுக்குக் கம்பு பறந்தது ஒரு தமாஷு. அதுக்கு மேல யோசிக்கல. காலையில எல்லாரும் காட்டுக்குள்ள எறங்கினா இருட்டினப்புறம்தான் வருவானுங்க. அது வரைக்கும் அவரு மட்டும், பக்கத்துல விறகடுப்பு, அலமாரியில ஏழு பேரோட வெடிமருந்து. முந்தாநாளு அடுப்புகிட்ட நின்னு காபித்தூள்னு மருந்து டப்பாவத் தொறந்து கரண்டிய விட்டுட்டாரு. நான் பின்னாடியே நின்னதால புடுங்கினேன். எனக்குப் பயமாருக்கு தங்கச்சி, மறைச்சு என்ன ஆவப்போவுது.

நேத்து மத்தியானம் சாப்பிட உக்காந்தோம், நாங்க ரெண்டு பேரு மட்டும். பன்னிக்கறியும் புளிச்ச முட்டகோசும், அவருக்கு உசுரு. ஆனா தட்டத் தொடல. எதிர்ல உக்காந்திருக்குற என் மூஞ்சியப் பாத்தே சொல்றாரு, நம்ம எல்வுட்ட இன்னும் காணோமே, அவன் வந்துறட்டும், சேந்து சாப்பிடுவோம்னு. நானும் சரின்னு கொஞ்ச நேரம் காத்துக்கிட்டிருந்தேன்.

அந்தா, பர்டெட்டு வண்டி வந்துருச்சு. என்ன கேட்ட? அட ஆமா, இவ்ளோ நேரமா பேசிக்கிட்டிருக்கேன், பேரச் சொல்லல பாரு. எல்வுட்.