பத்மநாதன் ஊற்றிய கோலா

சிவப்பு வைனை ஃபிரிஜ்ஜில் வைப்பது பெரிய பிழை. வீட்டைச் சோதிக்க வந்த பொலிஸ்காரர் மிச்சமிருந்த போத்தலை அங்கேதான் வைக்கப் போனார். சாட்சிப் பொருள் என்றாலும் ஒரு மரியாதை வேண்டாமா?

நடந்ததைத் தமிழிலேயே எழுதித் தரலாம் என்றீர்கள். மொழிபெயர்க்கும் வான்மதி அவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: நான் கலவை என்று எழுதும் இடத்தில் கலப்படம் என்று போட்டுவிடாதீர்கள்.

நவரத்தினமாகிய நான் இங்கே நோர்பரி ஊருக்கு வருமுன் ஒன்பது வருடம் பிரான்சில், பொர்தோவுக்குக் கிழக்கே சென்-எமிலியோன் பக்கம் ஒரு திராட்சைத் தோட்டத்தில் பீப்பாய் கழுவினேன். களியும் சுண்ணாம்பும் சேர்ந்த மண் அது. அங்கே விளையும் மெர்லோ திராட்சை குணமான பிள்ளை, ஆனால் முதுகெலும்பு கிடையாது. கபர்னே பிராங் என்ற மற்றத் திராட்சை முறைப்பான ஆள். தனித்தனியே இரண்டோடும் காலம் தள்ள ஏலாது. அளவாகக் கலந்து இருபது வருடம் இருட்டில் விட்டால் இரண்டும் மனிசராகிவிடும். எனக்கும் என் மனைவி செல்வமலருக்கும் அந்தப் பொருத்தம் வாய்க்கவில்லை.

என் மகள் லக்‌ஷிகா 1998இல் பிறந்தாள். அந்த வருடத்து வைனில் இரண்டு போத்தலை முதலாளி எனக்குத் தந்து, "இவளின்ரை கலியாணத்துக்குத் திற" என்றார். மாடிப்படிக்குக் கீழே கம்பளி சுற்றி வைத்தேன். பக்கத்து ஹீட்டரை ஒருநாளும் போட விடவில்லை. செல்வமலருக்கு மூட்டுவலி வந்தது. வைனுக்கு ஒன்றும் வரவில்லை.

போன மாதம் லக்‌ஷிகாவுக்கு நிச்சயார்த்தம். மாப்பிள்ளையின் தகப்பன் பத்மநாதன், பக்கத்திலுள்ள மிச்சம் என்ற ஊரில் கடை வைத்திருக்கிறவர். முதல் போத்தலைத் திறந்து அவருக்குத்தான் முதலில் வார்த்தேன். பிள்ளைகளுக்கென்று யாரோ கொண்டுவந்திருந்த கோலாவை எட்டி எடுத்து அதற்குள் ஊற்றினார். ஐஸ்கட்டியும் போட்டார்.

"அண்ணை, இப்பதான் வாயிலை வைக்க ஏலும்," என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். பிறகு எல்லோரும் ஊற்றினார்கள். என் மகளும் ஊற்றினாள்.

"ஏனப்பா முகத்தை நீட்டுறியள்? வைன்தானே," என்றாள்.

கழுதைக்குக் கற்பூர வாசனை தெரியாவிட்டால் அது கழுதையின் குற்றமல்ல. அப்படி நினைத்துத்தான் பொறுத்தேன், ஒரு கிழமை முழுக்க.

சனிக்கிழமை மத்தியானம் செல்வமலர் கோயிலுக்குப் போனபின் பத்மநாதனைக் கூப்பிட்டேன். இரண்டாவது போத்தலைத் திறந்தேன். எலிக்கு வாங்கி வைத்திருந்த சாமானை அவருடைய கிளாசில் மட்டும் கலந்தேன். அது பொல்லாத கசப்பு. என் பக்கத்து நியாயம் முழுவதும் இந்தக் கசப்பில்தான் இருக்கிறது. வைனை வைனாக ஒரு வாய் குடித்திருந்தால் உடனே துப்பியிருப்பார். என்னை நாலு ஏச்சு ஏசிவிட்டு உயிரோடு வீட்டுக்குப் போயிருப்பார். இவ்வளவு நேர்மையாக எத்தனை பேர் நடப்பார்கள்?

"கோலா இல்லையோ அண்ணை?"

"உங்களுக்கு முன்னாலைதானே நிக்குது."

கிளாஸ் முட்ட ஊற்றினார். அடிவரை குடித்தார். "இண்டைக்கு நல்லாயிருக்கு," என்றார். என் வைனை அவர் புகழ்ந்தது அது ஒருதரம்தான்.

கலியாணம் நின்றுவிட்டது. லக்‌ஷிகா என்னைப் பார்க்க வரமாட்டேன் என்கிறாளாம். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. வந்தால் விளங்கப்படுத்துவேன்: நான் ஒரு சோதனை வைத்தேன், அவ்வளவுதான். ஆளைக் கொன்றது கோலா.

நீங்கள் கடைசியாகக் கேட்ட கேள்விக்கும் பதில் எழுதிவிடுகிறேன். எங்கள் வீட்டில் கோலா வாங்கி வைப்பதில்லை. மேசையில் நின்ற போத்தலை அன்று காலை நானே போய் வாங்கி வந்தேன். பத்மநாதனுக்குச் சலரோகம் என்றபடியால், சீனி இல்லாததாகப் பார்த்து வாங்கினேன்.