ஹால் இன்னும் சூடாகலை

...அதான் சொல்றேனே, கோட்டைக் கழட்டாதீங்க கிளேப் ரதியோனவிச். ஹால் இன்னும் சூடாகலை. குழாயெல்லாம் பழசு, வெந்நீர் அதுபாட்டுக்கு யோசிச்சு யோசிச்சுத்தான் வரும். இந்தக் கோட்டு மாட்டுற இடத்துலயே பெஞ்சுல உக்காந்து டீயக் குடிங்க. ஃபைனா, அவருக்கு இன்னொரு பன்னு குடு... முட்டைக்கோஸ் வச்சதும்மா, ஜாம் வச்சது வேண்டாம், டைரக்டர் சட்டையில ஒழுகும். இல்ல இல்ல, அந்தக் கதவைத் தொறக்காதீங்க. இருக்குற சூடும் போயிடும்.

நான் யாருன்னு சொல்லலையே. வெனியமின் சாவிச். நம்ம மாவட்டப் பத்திரிகையில ரொம்ப காலம் பிழை திருத்துனவன். பத்திரிகை நின்னு போச்சு. பிழைங்க நிக்கலை. இவ ஃபைனா, இங்க வர்றவங்க கோட்டை வாங்கி மாட்டுறவ. உங்களைக் கூப்பிட்டாங்களே நூலகர் அம்மா, ரிம்மா அர்க்காதியெவ்னா, அவங்க ஒரு அவசர வேலையாப் போயிருக்காங்க. போறப்ப எங்கிட்ட, "நான் வர்ற வரைக்கும் விருந்தாளிகிட்ட பேசிக்கிட்டிருங்க வெனியமின் சாவிச், உங்களுக்கு அது ஒண்ணும் பெரிய கஷ்டமில்லையே"ன்னாங்க. அந்தக் குத்தல் எனக்குப் புரியாம இல்ல. புரிஞ்சும் பேசுறேன்.

நம்ம ஊர்ல, நூலக ஹால்ல நடக்குற இந்தச் சாயங்காலச் சந்திப்பு ஒண்ணுதான் மிச்சம். மாசத்துக்கு ஒரு வியாழக்கிழமை ஒரு எழுத்தாளர், இல்ல உங்கள மாதிரி ஒரு படக்காரர். வருவாங்க, பேசுவாங்க, பன்னு தின்னுட்டு ராத்திரி ரயில்ல திரும்பிப் போவாங்க. ஒரு சந்திப்பு விடாம வந்தவன் நான். முதல் வரிசை, நடு நாற்காலி. அது என் நாற்காலின்னு எங்கயும் எழுதி வைக்கலை. ஆனா எல்லாருக்கும் தெரியும்.

எப்படிப்பட்டவங்கல்லாம் வந்திருக்காங்க தெரியுமா? இலையுதிர் காலத்துல ஒரு கவிஞர் அம்மா. கவிதைக்கு நடுவுல யாரும் கைதட்டக் கூடாது, மௌனமும் கவிதையோட பகுதின்னாங்க. சரின்னு உக்காந்தோம். கவிதை முடிஞ்சப்ப, முடிஞ்சிடுச்சான்னு யாருக்கும் தெரியலை. மௌனம் பாட்டுக்கு நீண்டுக்கிட்டே போகுது... கடைசியில அவங்களே எந்திரிச்சு கோட்டை மாட்டுனப்புறந்தான் கைதட்டுனோம். அவங்க தப்பா எடுத்துக்கிட்டாங்க.

அப்புறம் ஒரு நாவலாசிரியர். தடியா நாலு புத்தகம். தான் எதையும் வாசிக்கிறதில்லை, வாசிச்சா நடை கெட்டுப் போயிடும்னார். நான் எந்திரிச்சு, "அய்யா, உங்க நாவல்ல மார்ச் மாசமே ஆப்பிள் பூக்குதே, நம்ம பக்கத்துல மார்ச்சுல பனியைத்தான வெட்டிக் கொட்டுறோம்"னு மரியாதையாத்தான் கேட்டேன். அது உள்ளுக்குள்ள பூக்குற ஆப்பிள்னார். நானும் விடலை, அப்புறம் எதுக்கு அதுல தேனீ வந்து உக்காருதுன்னேன். அன்னையிலேருந்து ரிம்மா அர்க்காதியெவ்னா எனக்கு வாய்ப்பூட்டு போட்டுட்டாங்க. கேள்வி இருந்தா சீட்டுல எழுதிக் குடுக்கணும், வாயால கேக்கக் கூடாது.

சீட்டுன்னா உங்களுக்குத் தெரியாதா என்ன. கேள்வியை எழுதி, வரிசை வரிசையா முன்னால தள்ளி விடுவோம். மேடையில குவியும். விருந்தாளிக்கு மனசு நிறையும். இதுல ஒரு ரகசியம் இருக்கு... நீங்க நல்ல மனுஷரா தெரியுறீங்க, சொல்றேன். போன குளிர்காலம் பூரா வந்த சீட்டுல பாதி நான் எழுதுனது. இடது கையால கொஞ்சம், பச்சை மையால கொஞ்சம். "ஒன்பதாம் வகுப்பு மாணவி"ன்னு போட்டுக்கூட ஒண்ணு எழுதியிருக்கேன். என்ன செய்யறது? ஊர் சனம் வராது. அதோ ஜன்னல்ல பாருங்க, எதிர்ல பஸ் ஸ்டாப்பு. ஆலையில வேலை முடிஞ்சு ஒரு கூட்டமே நிக்குது. விளக்கு எரியுற நம்ம ஜன்னலைப் பாத்துக்கிட்டே நிப்பாங்க, பஸ் வந்ததும் ஏறிப் போயிடுவாங்க. குளிர்ல விறைச்சாலும் விறைப்பாங்க, உள்ள மட்டும் வர மாட்டாங்க. கேட்டா, "எங்களுக்கு எதுக்குங்க, அதெல்லாம் படிச்சவங்களுக்கு"ன்னுடுவாங்க.

இப்ப கலாச்சார அலுவலகத்துலேருந்து வந்து, இன்னைக்கு ஹால் நிறையலைன்னா இதோட நிறுத்துன்னு சொல்லிட்டாங்க. ஹாலை நடன வகுப்புக்குக் குடுத்துடுவாங்களாம். வியாழக்கிழமையானா நான் எங்க போவேன்? இந்த முட்டியை வச்சுக்கிட்டு வால்ட்ஸா ஆட முடியும்? ...அட, நிறையும், நிறையும். நீங்க பன்னைத் தின்னுங்க.

எங்க எட்டிப் பாக்குறீங்க? கண்ணாடிக்குப் பக்கத்துலயா? அது ஒண்ணுமில்லை, போஸ்டர். உங்க போஸ்டர்தான். உங்களுக்குத் தெரியாத சங்கதி அதுல என்ன இருக்கப் போகுது. நான் இப்படி முன்னால சாஞ்சு நின்னுக்கறேன், முட்டிக்கு இதமா இருக்கு.

படத்தைப் பத்திப் பேசுவோம். நான் மூணு தடவை பாத்துட்டேன். அந்தப் படகுத்துறை ஆளு, ஆத்துல பனி உடையணும்னு வசந்தம் பூரா காத்துக்கிட்டு இருக்கான் பாருங்க, ஒரு குத்தமும் சொல்ல முடியாது. பனி உடையுற சத்தம்கூடச் சரியா இருக்கு. நிறைய பேர் துப்பாக்கிச் சத்தம் மாதிரி வைப்பாங்க. உண்மையில யாரோ பெரிய அலமாரியை நகத்துற மாதிரில்ல இருக்கும். அப்புறம் அவன் பொண்டாட்டி உருளைக்கிழங்குத் தோல் சீவுறா. சீவிக்கிட்டே இருக்கா. ஒரு பேச்சும் கிடையாது. திடீர்னு பாத்தா ரெண்டு பேருக்குத்தான் சீவணும், அவ மூணு பேருக்குச் சீவியிருக்கா... அந்த இடத்துல நான் மூக்குக் கண்ணாடியைத் துடைக்க வேண்டியதாப் போச்சு. மூணு தடவையும்.

என்ன ஃபைனா? போனா? ரிம்மா அர்க்காதியெவ்னாவா, குடு... ம்... ம்... எல்லாரையுமா? ...சரி.

ஒண்ணுமில்லைங்க. ப்ரொஜெக்டர் ஒயர் சமாசாரம். கொஞ்சம் தாமதமாகும்.

கிளேப் ரதியோனவிச், அந்தக் கதவு... தொறந்துட்டீங்களா. சரி, பாத்துட்டீங்க. நாலு பேர் இருக்காங்க. அதுல ஒருத்தர் தூங்குறாரு, அவரை எண்ணலாமாங்கறது விவாதத்துக்குரிய விஷயம். ஹால் நல்லாவே சூடாத்தான் இருக்கு, அதுவும் உண்மைதான். ரயில்வே தொழிற்பயிற்சிப் பசங்களை ஓட்டிட்டு வரத்தான் ரிம்மா அர்க்காதியெவ்னா போனாங்க. எல்லா ஊர்லயும் நடக்குறதுதானே, ஹால் காத்தாடுனா பயிற்சிப் பசங்களைக் கொண்டாந்து கொட்டறது. ஆனா இவங்க போறதுக்கு முன்னாலயே, பல் பாதுகாப்புச் சொற்பொழிவு ஹாலை நிரப்ப வேற யாரோ அவங்களை ஓட்டிட்டுப் போயிட்டாங்களாம்.

முகத்தை அப்படி வச்சுக்காதீங்க. இந்த ஊருக்கு ரசனை இல்லைன்னு நினைச்சிடாதீங்க. விளம்பரம் கொஞ்சம்... நான் நகர மாட்டேன். முட்டி. ...ஐயோ, மெதுவா, தள்ளாதீங்க. சரி, படிங்க. படிச்சுக்கங்க.

ஆமா, சிவப்பு மை என்னுதுதான். பிழை இருக்கான்னு பாத்துக் குடுங்கன்னு ரிம்மா அர்க்காதியெவ்னாதான் குடுத்தாங்க. "பெரும் புகழ்பெற்ற இயக்குநர்"னு இருந்துது. யார் மத்தியில புகழ்னு ஆதாரம் இருக்கா? அடிச்சேன். "பல பன்னாட்டு விருதுகளைக் குவித்தவர்." நான் விசாரிச்சேன். ஒரு விழா, ஒரு பாராட்டுக் குறிப்பு. திருத்துனேன். "விறுவிறுப்பான, மறக்க முடியாத காவியம்"ங்கறதை "மெதுவான படம், பனி உடைவது கடைசியில்தான்"னு மாத்துனேன். இருக்கறதைத்தானே எழுதியிருக்கேன். சந்தையில, தபால் ஆபீஸ்ல, ரொட்டிக் கடையில ஒட்டுனதெல்லாம் இதேதான். நேரமில்லாததால அடிச்ச அடியோடயே நகல் எடுத்துட்டாங்க. அன்னையிலேருந்து ரிம்மா அர்க்காதியெவ்னா எங்கூடப் பேசுறதில்லை. இன்னைக்குத்தான், வேற ஆள் இல்லாததால பேசுனாங்க.

என்ன கேக்குறீங்க? உருளைக்கிழங்கை ஏன் எழுதலைன்னா? ...நான் பிழை திருத்துறவன் கிளேப் ரதியோனவிச். இல்லாததை எடுக்குறதுதான் எங்க வேலை. இருக்கறதைச் சேக்குறதுக்கு எங்களுக்கு யாரும் சம்பளம் குடுத்ததில்லை.

ஏன் சிரிக்கிறீங்க... ஏன் அதைப் பிச்சு எடுக்குறீங்க? பேனாவா? இந்தாங்க. அட, ஹால் இந்தப் பக்கம். அது தெருக் கதவுங்க. ரயிலுக்கு இன்னும் நேரம் கிடக்கு, தொப்பியை விட்டுட்டுப் போறீங்களே... போயிட்டாரு ஃபைனா. போஸ்டரோட போயிட்டாரு. வாழ்க்கையில ஒரே ஒரு நல்ல டைரக்டர் வந்தாரு, அவரையும் பேசியே விரட்டிட்டேன். நீயாவது என் வாயைப் பொத்தியிருக்கக் கூடாதா?

ஜன்னல்ல என்ன? நகரு, பாப்போம். ...ஸ்டேஷன் பக்கம் போகலையே. ரோட்டைத் தாண்டி பஸ் ஸ்டாப்புல போய் நிக்கறாரு. அந்தக் கூட்டத்துக்கு நடுவுல. என்ன பண்றாரு இந்த மனுஷன்? போஸ்டரை விரிச்சுப் பிடிச்சுக்கிட்டுப் படிக்கறாரு ஃபைனா. விரலால தொட்டுத் தொட்டு, நான் அடிச்சதையும் படிக்கறாரு, திருத்துனதையும் படிக்கறாரு. அந்தத் தலையில பச்சைத் துணி கட்டுன பொம்பளை வயித்தைப் பிடிச்சுக்கிட்டு சிரிக்குது பாரு. எம் பேரைத்தான் சொல்றாரு போல, எல்லாரும் இங்கயே பாக்குறாங்க. தலையை உள்ள இழு. இப்ப அடியில அவரே ஏதோ எழுதியிருக்கறதைப் படிக்கறாரு. யாரும் சிரிக்கலை. அந்தப் பொம்பளை மூணு விரலைக் காட்டி அவரை என்னமோ கேக்குது...

உருளைக்கிழங்கு. உருளைக்கிழங்கை எழுதிட்டாரு.

ஃபைனா, அவங்க ரோட்டைத் தாண்டுறாங்க. பஸ்ஸு அதோ வருது, ஒருத்தரும் திரும்பிப் பாக்கலை. எத்தனை கொக்கி இருக்கு உங்கிட்ட? பத்தாதே, கோட்டுங்களை ரெண்டு ரெண்டா மாட்டு. வாங்க, வாங்க, காலைத் தட்டிட்டு வாங்க, பனி சொட்டுது பாருங்க. டீ இருக்கு. ஆமாம்மா, அந்தச் சிவப்பு மை நான்தான். நேரா போங்க, எங்க வேணாலும் உக்காருங்க, ஹால் நல்லா சூடா...

ஏம்மா, பச்சைத் துணி. அங்க இல்ல, முதல் வரிசையில இல்ல. அந்த நடு நாற்காலி...

சரி. உக்காருங்க. நான் நின்னுக்கிட்டே பாக்குறேன். முட்டிக்கு நல்லது.