சந்தனப் பொட்டுக்கு மேலே ஒரு பொத்தான்

அவைக்குத் தலைமை தாங்கி, என் பேச்சைக் கைக்கடிகாரத்தில் அளந்துகொண்டிருக்கும் அன்பிற்குரிய ஸ்தனிஸ்லாஸ் ஐயா அவர்களே, இந்தக் கணினிப் பயிற்சி நிலையத்தைத் திண்டுக்கல்லுக்குத் தந்திருக்கும் சகோதரி ஆனந்தமேரி அவர்களே, அவை நிறைந்த பெரியோர்களே, அடுப்பை அணைத்துவிட்டுப் பிள்ளைகளின் படிப்புக்காக வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே, நாளை மென்பொருள் எழுதப்போகும் இளைய தலைமுறையே, அனைவருக்கும் என் கைகூப்பிய வணக்கம்.

காய்கறி வியாபாரிக்குக் கணினி மேடையில் என்ன வேலை என்று பின்வரிசையில் ஒருவர் முணுமுணுக்கிறார். கேட்டுவிட்டது அப்பு. காது இன்னும் கெட்டுப்போகவில்லை. வேலை இருக்கிறது, அதனால்தான் வந்திருக்கிறேன்.

ஒட்டன்சத்திரம் சந்தையில் என் கடைக்கு அடுத்தது சடையாண்டி அவர்களின் கமிஷன் மண்டி. அங்கே கணினியில் எடைச்சீட்டுப் போடுபவர் சைதூன் என்ற சகோதரி. கணவனை இழந்தவர். அந்த நாற்காலியை நம்பித்தான் அவர் வீட்டில் உலை கொதித்தது. தராசைப் பார்த்தபடியே எண்களைத் தட்டுவார். திரையை நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார். எப்படி முடிந்தது? ஆயுதபூசைக்கு ஆயுதபூசை சடையாண்டி திரையின் கீழ்ச்சட்டத்தில், நட்டநடுவில், ஒரு சந்தனப் பொட்டு வைப்பார். அதற்கு நேர் மேலேதான் ‘சேமி’ என்ற பொத்தான். ஓரக்கண்ணில் பொட்டுத் தெரிந்தால் போதும், மௌஸ் அங்கே போய் நிற்கும்.

இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு ஆயுதபூசைக்குப் புதுத் திரை வந்தது. பட்டையைக் கிளப்பும் தட்டைத் திரை, பளிங்கு போன்ற பளபளத் திரை, சந்தையே திரண்டு வந்து பார்த்த திரை. பொட்டும் அதே நடுவில் ஏறியது. ஆனால் மென்பொருளோ மேல் மூலையில் சுருண்டு கிடந்தது, எழுத்தெல்லாம் கடுகு. ஏன்? தாய்மார்களுக்குச் சொன்னால் உடனே புரியும். அதே மல்லிகையை நெருக்கிக் கட்டினால் சரம் குட்டையாகிறதல்லவா? புதுத் திரையில் ஒளிப்புள்ளிகள் நெருக்கம். இத்தனை புள்ளி அகலம் என்று எண்ணி எழுதிய மென்பொருள் அங்கே குறுகித்தானே போகும்?

சைதூன் தடுமாறினார். பாலக்காட்டுக்குப் போகவேண்டிய தக்காளி, திருச்சூர்ச் சீட்டோடு லாரி ஏறிவிட்டது. சடையாண்டி கத்துகிறவர் அல்லர். அதனால்தான் அவர் சொன்னது கூடுதலாகச் சுட்டது.

“ஏனுங்கம்மா, உங்களுக்குக் கண்ணு மங்கிருச்சாட்ட இருக்குது. தை பொறந்தா வேற ஆளு பாத்துக்கறனுங்க.”

அந்த அம்மா கண் மருத்துவரிடம் ஓடினார். ஒரு குறையும் இல்லை என்று அவர் அனுப்பிவிட்டார். குறை கண்ணிலா? இல்லை. கையிலா? இல்லை. கருத்திலா? இல்லவே இல்லை. பின் எங்கே?

மென்பொருளை எழுதிய கிளெமென்ட் திண்டுக்கல்லிலிருந்து வந்தார். எழுத்தை மட்டும் பெரிதாக்கினார். எழுத்து வளர்ந்தது, கட்டம் வளரவில்லை. கீழே இருந்த ‘சேமி’ கட்டத்தின் விளிம்புக்கு வெளியே தள்ளப்பட்டு மறைந்துவிட்டது.

“எழுத்து நல்லாத்தான் தெரியுது தம்பி. சேமியத்தான் காணோம்.”

“செத்த நேரம் பொறுங்கக்கா. நீங்க பாட்டுக்கு வேலையப் பாருங்க, நான் பின்னால உக்காந்து பாக்குறேன்.”

லோடு இறங்க இறங்க அவர் பார்த்தார். அந்தக் கை ஒவ்வொரு முறையும் முதலில் பொட்டுக்கு மேலே போய், அங்கே ஒன்றும் இல்லாமல் திரும்புவதைப் பார்த்தார்.

ஊருக்குப் போய் மென்பொருளைத் திருத்தி எழுதினார். புள்ளியை எண்ணி வரையாதே. முதலில் திரையைக் கேள். நீ எவ்வளவு அகலம், உன் புள்ளிகள் எவ்வளவு நெருக்கம் என்று கேள். எழுத்து வளர்ந்தால் கட்டமும் வளரட்டும், கட்டம் வளர்ந்தால் இடைவெளியும் வளரட்டும், பொத்தான் தன் இடத்திலேயே நிற்கட்டும். இவ்வளவுதான் அவர் செய்தது. மறுபடி சைதூனின் கை போனது. பொட்டுக்கு மேலே ‘சேமி’ இருந்தது. தை பிறந்தது. நாற்காலியில் ஆள் மாறவில்லை.

அடுத்த ஆயுதபூசையன்று சடையாண்டி சந்தனக் கிண்ணத்தோடு திரைமுன் தயங்கி நின்றார்.

“எங்கீங்கம்மா வெக்கறது?”

“அதே எடத்துல வைங்க மொதலாளி. கை பழகிப் போச்சு.”

கைதட்டுங்கள், தட்டவேண்டிய இடம்தான்.

இளைஞர்களே, திரைகள் இன்னும் கூர்மையாகும், இன்னும் பெரிதாகும். தடுக்க யாரால் முடியும்? தடுக்கவும் வேண்டாம். ஆனால் ஒவ்வொரு திரைக்கு முன்னாலும் பழகிய கை ஒன்று இருக்கிறது. அது தேடித் தவித்தால் அந்த மனுஷியின் கண்ணைக் குறை சொல்லாதீர்கள். நீங்கள் எழுதியதைத் திருப்பிப் பாருங்கள்.

பொறுத்துக் கேட்ட உங்களுக்கு நன்றி, விடைபெறும் வணக்கம். இந்த நிலையத்தின் முதல் கணினியை இயக்கிவைக்கப் பெரிய மனிதர் யாரையாவது அழைக்கலாமே என்றார்கள். அழைத்திருக்கிறோம். மூன்றாம் வரிசையில் முக்காட்டுக்குள் சிரித்துக்கொண்டிருக்கிறாரே, அவர்தான். வாங்கம்மா, மேடைக்கு வாங்க. பொட்டு வைத்தாயிற்று. பொத்தான் அதற்கு மேலேதான் இருக்கிறது.