எதிர் வரிசை

— இந்த வரிசை நீங்க நட்டதும்மா, பார்த்தாலே தெரியுது. பாதி வாடிக் கிடக்கு. நான் கேக்கறது மூங்கிலுக்கு அந்தப் பக்கம் இருக்கற வரிசையைப் பத்தி. அதை யாரு நட்டா?

— என் வீட்டுக்காரர்தான் சார். வேற யாரு நடுவா?

— அதாவது, அங்க பாதி வரிசை வரைக்கும் போய்க் குழிகளைப் பார்த்துட்டுத்தான் வந்தேன். எல்லாம் ஒரே ஆழம், ஒரே அகலம். ஒரு கன்றுகூட சாகலை. போன வருஷம் வரைக்கும் தையல் கடையில துணி வெட்டிக்கிட்டிருந்தவர் தோண்டின குழியாம்மா இது?

— துணி வெட்டினவருக்கு நேர்கோடு தெரியாதா? என்ன சார் நீங்க.

— நேர்கோடு தெரியும், மண்வெட்டி பிடிக்கத் தெரியாது. பயிற்சிக்கு வந்த முதல் நாளே கால் கட்டைவிரலை வெட்டிக்கிட்டார். கட்டுப் போட்டதே நான்தான்.

— இப்ப பழகிட்டார் சார்.

— இங்க பாருங்கம்மா, நான் உங்களுக்கு எதிரி இல்லை. புதுசா காட்டு விவசாயத்துக்கு வர்றவங்களுக்குத்தான் இந்த மானியம். பெரிய மரத்துல கை வைக்காம அதோட நிழல்லயே நடணும், முதல் வருஷம் கூலிக்கு ஆள் வைக்காம சொந்தக் கையால நடணும். ரூல்ஸைப் படிச்சுக் காட்டித்தான் கையெழுத்து வாங்கினேன். ஆள் வெச்சிருந்தா ரெண்டாவது தவணை கிடையாது. முதல் தவணையையும் திருப்பிக் கட்டணும்.

— எதை வெச்சு சார் கட்டறது? கடையையும் மெஷினையும் வித்துட்டுத்தான் இங்க வந்தோம். இதுவும் கையை விட்டுப் போச்சுன்னா தெருவுலதான் நிக்கணும்.

— அப்போ உண்மையைச் சொல்லுங்க. நீங்க நட்ட அன்னிக்கு உங்க வீட்டுக்காரர் காலையிலேருந்து சாயங்காலம் வரைக்கும் எங்க ஆபீஸ்ல, பயிற்சி வகுப்புல உக்காந்து தூங்கிக்கிட்டிருந்தார். டீ குடுத்து எழுப்பினதும் நான்தான்.

— தெரியும் சார்.

— தெரிஞ்சேதான் அவர் நட்டார்னு சொல்றீங்களா?

— நடந்ததைச் சொன்னா என்னைப் பைத்தியம்பீங்க. அதுக்குப் பொய்யே தேவலைன்னு தோணுச்சு.

— நான் பார்க்காத பைத்தியமா? சொல்லுங்க.

— கூவி நடறது எப்படின்னு நீங்கதானே சார் சொல்லிக் குடுத்தீங்க? நடுவுல மூங்கில் புதர் இருக்கறதால ஒரு வரிசையில இருக்கறவங்களுக்கு இன்னொரு வரிசை தெரியாது. அதனால ஒரு குழி முடிஞ்சதும் ஒருத்தர் 'ஆச்சா'ன்னு கூவணும். மத்தவர் 'ஆச்சு'ன்னு சொன்னாத்தான் ரெண்டு பேரும் அடுத்த குழிக்கு நகரணும்.

— ஆமா, எப்பவும் அப்படித்தான். இடைவெளியும் தவறாது, காட்டுக்குள்ள ஆளும் வழி தவற மாட்டார்.

— அன்னிக்கு நான் தனியாத்தான் ஆரம்பிச்சேன், கன்று காஞ்சுடுமேன்னு. முதல் குழி முடிஞ்சதும் பழக்கதோஷத்துல 'ஆச்சா'ன்னு கூவிட்டேன்.

— சரி.

— 'ஆச்சு தையலு'ன்னு பதில் வந்துது.

— தையலா?

— நான் சார். கல்யாணமான புதுசுல அவர் கேலியா வெச்ச பேரு. அவரைத் தவிர வேற யாரும் அப்படிக் கூப்பிட மாட்டாங்க. குரலும் அவர் குரல்தான். மனுஷன் பஸ்ஸை விட்டுட்டு, திட்டு வாங்கப் பயந்து, சத்தமில்லாம கீழ்ப்பக்கமா ஏறி வந்து நட ஆரம்பிச்சுட்டார்னு நினைச்சேன். எனக்கு உள்ளூர சந்தோஷம்கூட.

— நாள் முழுக்க அவரை நீங்க பார்க்கவே இல்லையா?

— மூங்கில் மறைக்குதே சார். மண்வெட்டிச் சத்தம் கேட்டுது. கூவினா பதில் வந்துது. கடைசிக் குழி வந்தப்போ, 'வீட்டுல எத்தனை பேரு'ன்னு கேட்டுது.

— கேட்டுதா? யாரு?

— அதுதான். 'ஏன், உமக்குத் தெரியாதா'ன்னு நான் சிரிச்சேன். 'சொல்லு'ன்னுது. சரி, விளையாடறார்னு நினைச்சு, 'ரெண்டு பேருதான் மகராசா'ன்னு சொன்னேன். அப்புறம் மண்வெட்டியைத் தோள்ல போட்டுக்கிட்டு வீட்டுக்கு வந்தா, அவர் வாசல்ல நின்னு செருப்பைக் கழட்டறார். கையில உங்க பயிற்சிப் பை. அப்பத்தான் பஸ்லேருந்து இறங்கி வந்திருக்கார்.

— அதாவது... அவரே சொல்லி யாரையாவது அனுப்பியிருக்கலாம் இல்லையா?

— செடி யாரு சார் அனுப்பினா? அவர் பங்குக் கன்று எல்லாம் இன்னும் கொட்டகையில அப்படியே கிடக்கு. அந்த வரிசையில இருக்கறது நீங்க குடுத்த செடியா?

— அதைத்தான் நானும் கேக்கலாம்னு இருந்தேன். எங்க நர்சரிச் செடி இல்லை அது. இலையைக் கசக்கி மோந்துகூடப் பார்த்தேன். ஒரு வாசனையும் இல்லை. என்ன மரம்னே எனக்குத் தெரியலைம்மா.

— மறுநாள் காலையில அவர் போய்ப் பார்த்தார். வரிசைக் கடைசியில புதுசா ரெண்டு குழி. மத்ததை மாதிரி சின்னது இல்லை. திரும்பி வந்தார். சட்டையை மாட்டிக்கிட்டு அவங்க அக்கா வீட்டுக்குப் போனவர்தான். நிலத்துல ஒருத்தராவது தங்கலைன்னா திட்டத்துலேருந்து பேரை எடுத்துடுவீங்களேன்னு நான் மட்டும் இருக்கேன். பயமா இருக்கு சார். கதவைச் சாத்தினாலும் பயமா இருக்கு.

— காட்டுல எதிரொலி இருக்கும்மா, புதுசா வந்தவங்களை ஏமாத்திடும். ஒண்ணு பண்ணலாம். நான் மூங்கிலைத் தாண்டிப் போய்க் கூவறேன், நீங்க இங்கேருந்து பதில் சொல்லுங்க. எவனாவது ஒளிஞ்சிருந்தா பிடிச்சுடறேன்.

— வேண்டாம் சார். இருக்கறபடி எழுதிட்டுப் போங்க. மானியம் வராட்டியும் போகுது.

— பார்க்காம எழுத முடியாது. பயப்படாம இங்கேயே நில்லுங்க.

— சார், சொன்னாக் கேளுங்க சார்.

— அம்மா, மூங்கிலைத் தாண்டிட்டேன். கேக்குதா?

— கேக்குது.

— எனக்கும் நல்லாக் கேக்குது, பக்கத்துலேருந்து பேசற மாதிரி. இங்க ஒரு ஈ காக்கா இல்லை. சும்மா மனசைப் போட்டுக் குழப்பிக்கிட்டிருக்கீங்க.

— வரிசைக் கடைசி வரைக்கும் போங்க.

— போயிட்டேன். ஆமா, பெரிய குழிதான். ஒண்ணு, ரெண்டு... இங்க மூணு இருக்கேம்மா. ரெண்டுன்னுதானே சொன்னீங்க?

— அப்போ நீங்க வரலையே.

— என்னது? சரி விடுங்க. மூணாவது இப்பத்தான் வெட்டியிருக்கு, மண்ணு ஈரமா இருக்கு. அதாவது, ஆள் வெச்சதுக்கு எந்த அடையாளமும் இல்லை, சொந்த நடவுதான்னு எழுதிடறேன். ரெண்டாவது தவணை வந்துடும். நிம்மதியா இருங்க.

— நிம்மதிதான். குழி ஆழம் போதுமான்னு இறங்கிப் பார்த்துட்டு எழுதுங்க.

— இறங்கிட்டேன். என் தோள் வரைக்கும் இருக்கு. ஒரு கன்றுக்கு எதுக்கும்மா இவ்வளவு ஆழம்?

— ஆச்சா?

— ஆச்சு, ஆச்சு. கை குடுக்க வாங்க, தனியா ஏற முடியாது போல.

— சார், எங்க சார் இருக்கீங்க? நீங்க மூங்கிலுக்குள்ள போனதுலேருந்து தொண்டை கிழியக் கூவிக்கிட்டே இருக்கேன், உங்ககிட்டேருந்து ஒரு சத்தமும் காணோமே.