மாற்று நேரப்பெட்டி அமைத்த மாண்பாளருக்கு

அவசர ஊர்திக் கட்டுப்பாட்டு அறையின் அச்சாணியே! கணினிப் பிரிவைக் கட்டியாண்ட காவலரே! நாங்கள் எட்டு மணிக்கு மூச்சிரைக்க ஓடி வருகையில், அதற்குப் பதினொரு நிமிடம் முன்பே அமர்ந்து எங்களை முறைத்த அருமை ஐயா! வணக்கம்.

முப்பத்திரண்டு ஆண்டுப் பணி இன்றோடு நிறைவு! ஒருநாள் கூடத் தாமதமில்லை. கைக்கடிகாரத்தைப் பதினொரு நிமிடம் கூட்டி வைத்துக்கொண்டு, "நான் ஊருக்கே முன்னாடி ஓடுறவன்யா" என்பீர்கள். நாங்களும் சிரிப்போம். இப்போது சிரிப்பு வரவில்லை, ஐயா.

நம் கணினிகளுக்கெல்லாம் நேரம் சொல்வது ஒரு பெட்டி. மொட்டைமாடி ஆன்டெனா வழியே செயற்கைக்கோளிடம் நேரம் வாங்கும். அது கெட்டால் கைகொடுக்க, வேறோர் இடத்திலிருந்து நேரம் வாங்கும் மாற்றுப்பெட்டி வேண்டும் என்று ஆணை வந்தது. அரும்பாடுபட்டு அமைத்தீர்கள்! ஆனால் மாற்றுப்பெட்டியை முதல் பெட்டியிடமே நேரம் கேட்க வைத்துவிட்டு, நாள்தோறும் "இரண்டும் ஒத்துள்ளன" என்று கையொப்பமிட்டீர்கள். ஒத்துப்போகாமல் வேறென்ன செய்யும்?

மழையில் ஆன்டெனா பழுதான அன்று காலை, முதல் பெட்டிக்கு நேரத்தைக் கையாலேயே பதித்தீர்கள். பார்த்துப் பதித்தது உங்கள் கைக்கடிகாரத்தை! மாற்றுப்பெட்டியும் மறுபேச்சின்றி அதையே ஒப்பித்தது.

அன்று பத்தே காலுக்கு நெஞ்சுவலி என்று ஓர் அழைப்பு. வேகத்துக்காக நாங்கள் 'மின்னல்' என்று கூப்பிடும், எங்களோடு வேலை பார்க்கும் தங்கை, அந்த நிமிடமே வண்டியை அனுப்பினாள். நோயாளி வழியிலேயே இறந்துபோனார். தொலைபேசி நிறுவனப் பதிவில் அழைப்பு பத்தே கால். நம் கணினியில் வண்டி கிளம்பியது பத்து இருபத்தாறு. பதினொரு நிமிடம் என்ன செய்தாய் என்று விசாரணைக் குழுவினர் அவளைக் குடைந்தார்கள். கடிகாரம் பிசகியிருக்குமோ என்று உங்களையும் கேட்டார்கள். இரண்டு பெட்டிகளும் ஒத்திருந்தன என்று எழுதிக் கொடுத்தீர்கள்! அவளை இடைநீக்கம் செய்தார்கள். இறந்தவரின் மகன் அவள் வீட்டு வாசலில் நின்று, "எங்கப்பாவைக் கொன்னவ இவதான்" என்று தெருவே கேட்கக் கத்தினார். அன்றிலிருந்து அவள் பிள்ளையைப் பள்ளிக்குக் கொண்டுவிடக்கூட வெளியே வருவதில்லை.

பெட்டிகளைப் பிரித்துப் பார்த்து உண்மையைக் கண்டுபிடித்தோம். நாங்கள் எழுதிக் கொடுத்ததை, உடன் வேலை பார்ப்பவர்களின் பாசம் என்று விசாரணைக் குழு ஒதுக்கிவிட்டது. பொறுப்பிலிருக்கும் நீங்கள் எழுதினால்தான் எடுபடும். மூன்று முறை கெஞ்சினோம். "ரிட்டயர் ஆகுற நேரத்துல எனக்கு ஏம்ப்பா இந்த வம்பு?" என்றீர்கள். இன்று மாலை ஐந்து மணிக்கு மேல் உங்கள் கையெழுத்து எதற்கும் செல்லாது.

பண்பின் பெருந்தகையே! பல்லாண்டு வாழ்க! சர்க்கரை ஏறாமல், முட்டி தேயாமல், முக்கியமாக மறதி அண்டாமல் வாழ்க! வயிறு எரிந்துதான் வாழ்த்துகிறோம், மறைக்கத் தெரியவில்லை.

இங்ஙனம்,
கட்டுப்பாட்டு அறை ஊழியர்கள் பதினான்கு பேர்.

பதினைந்தாமவளுக்கு உள்ளே வர அனுமதி இல்லை. வீட்டைவிட்டு வராதவள் இன்று, நீங்கள் ஒப்பமிட வேண்டிய கடிதத்தோடு வெளிவாசலில் நிற்கிறாள். கண்ணாடிச் சட்டம் போட்ட இந்த மடலைத் தூக்கிக்கொண்டு, அவளைத் தாண்டித்தான் நீங்கள் வீட்டுக்குப் போக வேண்டும், ஐயா.